மூடியக்காவின் முதல் வாய்

ஒரு நாளைக்கு ஆறாயிரம் தட்டுகள். விடுப்பும் காய்ச்சலும் போக, இருபத்திரண்டு வருடங்களுக்குப் பெருக்கிப் பார்த்தால் நாலு கோடியை நெருங்கும். அத்தனைக்கும் கடைசியாக மூடி போட்டது ஒரே கை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரரை எல்லோரும் மூடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விமான நிலையத்தை ஒட்டி, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் பெரிய சமையற்கூடம் ஒன்று இருக்கிறது. அதில் நான்காம் லைனின் கடைசி ஆள் அவர். கூடத்தை எப்போதும் ஐஸ்பெட்டி மாதிரி குளிர வைத்திருப்பார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே ஸ்வெட்டர், தலைக்கு வலைத்தொப்பி, கைக்கு உறை.

லைன் என்றால் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு பெல்ட். கிண்ணங்களில் சாப்பாடு நிரப்பிய தட்டு ஒரு முனையில் ஏறும். முதலில் நிற்பவன் பன் வைப்பான். அதனால் அவன் பெயர் பன்னு. ஆளும் அப்படித்தான், உருண்டையாக, மெத்தென்று. அடுத்து வெண்ணெய்க் கட்டியும் கரண்டிப் பொட்டலமும் வைப்பவள் வெண்ணெய். அவளை யாரும் கோபத்தில் "போடி வெண்ணெய்" என்று திட்ட முடியாது. சாதாரண நாளிலேயே பெயர் அதுதான். மூன்றாவது, ஓரத்துக்காரர். கிண்ணங்களின் ஓரத்தில் வழிந்திருக்கும் சாற்றைத் துணியால் ஒற்றி எடுப்பது அவர் வேலை. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கும் மனிதர்; பேச்சையும் சொட்டு சிந்தாமல்தான் பேசுவார். அதற்குப் பிறகு மூடியக்கா. ஒரு பார்வை, ஒரு மூச்சு, மூடி.

அந்த மூச்சுக்குத்தான் பெருமை. ஒரு முறை கிரீம் கிண்ணம் ஒன்றின் மேல் மூடியைப் பாதி இறக்கியவர் கையை அப்படியே நிறுத்திவிட்டு, "பெல்ட்டை நிறுத்துங்க" என்றார். தேதி சரியாக இருந்தது, குளிர் சரியாக இருந்தது, கண்ணுக்கும் பழுதில்லை. ஆய்வுக்கூடம் மறுநாள் கண்டுபிடித்ததை அவர் மூக்கு முந்தின நாளே பிடித்துவிட்டது. அன்றிலிருந்து கூடம் முழுக்க, எந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தாலும் "மூடியக்காகிட்ட நீட்டு" என்பதே சட்டம்.

பதினாலு மாதங்களுக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது; போகும்போது கையோடு மூக்கையும் நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபி வெந்நீரானது. ரொட்டியும் சோப்புக் கட்டியும் ஒன்றாயின. டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்று சொன்னார். ஜோசியரிடம் போயிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று மூடியக்கா நினைத்துக்கொண்டார்.

வீட்டில் விஷயம் தெரிந்தது கணவருக்கு மட்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி அடுப்பில் கொதிப்பதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நீட்டுவார். கணவர் வாயில் விட்டுப் பார்த்துவிட்டுக் கட்டை விரலைக் காட்டுவார். விரல் மேலே போனால் உப்பு ஏற்று. கீழே போனால் தண்ணீர் விடு. படுத்துக் கிடந்தால் அடுப்பை அணை. கல்லூரியில் படிக்கும் மகளுக்குக்கூட அது அப்பாவும் அம்மாவும் விளையாடும் ஏதோ விளையாட்டு என்றுதான் எண்ணம்.

வேலையிடத்தில் சமாளிப்பது வேறு கலை. கேன்டீனில் நாலு பேர் முகத்தைப் பார்த்துவிட்டு ஐந்தாவதாக வாய் திறப்பது. எல்லோரும் "உப்பு கம்மி" என்றால் "கம்மிதான்". யாராவது பாத்திரத்தை மூக்குக்கு முன்னால் நீட்டினால், நிறத்தையும் நுரையையும் வெப்பமானியையும் உற்றுப் பார்த்துவிட்டு, "எதுக்கு வம்பு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிடு." இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று காத்திருந்ததில் நாள் ஓடிவிட்டது. சொல்ல வேண்டிய வேளையில் சொல்லாத விஷயம், பிறகு சொல்ல முடியாத விஷயமாகிவிடுகிறது.

இந்த நேரத்தில்தான் கம்பெனி புதிதாகச் சுவை அறை ஒன்றைத் திறந்தது. வெளியே போகும் ஒவ்வொரு சமையலையும் முதலில் ருசி பார்த்துச் சொல்லும் அறை. குளிர் இல்லாத அறை. முதுகு சாய்க்கும் நாற்காலி உள்ள அறை. மூடியக்காவின் முழங்கால்கள் இருபத்திரண்டு வருடக் குளிரில் நின்று நின்று, மாடி ஏறும்போது மரக்கதவு மாதிரி சத்தம் போட ஆரம்பித்திருந்தன. நான்காம் லைனின் சூப்பர்வைசர் முதல் ஆளாக அவர் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை போய் உட்கார வேண்டியது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், லைனில் எல்லோரும் சேர்ந்து ஒரு விருந்து. ஒரு தட்டு குறித்தும் புகார் வராத லைன் என்று கம்பெனி கொடுத்த பரிசு. மூடியக்காவை வழியனுப்புவதும் அதிலேயே முடிந்துவிடும். "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, அதுவும் கம்பெனி கல்லு" என்றான் பன்னு.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் வெண்ணெய். நகரத்தில் எல்லோரும் பேசிக்கொள்ளும் இடம். ஒரு காலத்தில் டயர் கிடங்காக இருந்ததாம். கூரை அப்படியே தகரம். சுவர் அப்படியே செங்கல். ஒரு தூணில் டயர் உருட்டிய கறுப்புத் தடம்கூட அழியாமல் இருந்தது. ஆனால் மேலே இருந்து தொங்கிய ஒவ்வொரு விளக்கும் மேசையில் ஒரே ஒரு வட்டத்தை மட்டும் நனைத்தது. அந்த வட்டத்துக்குள் வைக்கப்படுவது எதுவானாலும், ஒரு மோதிரம் வைத்தாலும் கல் வைத்தாலும், கண் அதைவிட்டு நகராது.

"பழைய டயர் கடையில சாப்பிடறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே இடம் சொல்லி வைக்கணுமாக்கும்" என்றான் பன்னு.

"கத்தாதே. உன்னையும் பழைய டயர்னு நினைச்சு உருட்டிட்டுப் போயிடப் போறாங்க" என்றாள் வெண்ணெய்.

மேசை கிடைக்கவில்லை. திறந்த சமையலறையைச் சுற்றி வளைந்து போன நீண்ட மேடையின் முன்னால், உயர நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். பன்னு இடது கோடியில் ஏறினான். பக்கத்தில் வெண்ணெய், அடுத்து ஓரத்துக்காரர், கடைசியில் மூடியக்கா. மேடை திரும்பும் மூலையில், நாலு பேரையும் பார்த்தபடி சூப்பர்வைசர். யாரும் திட்டம் போட்டு உட்காரவில்லை. கால்கள் தாமாகவே லைனில் போய் நின்றுவிட்டன. மூடியக்காவுக்கு மட்டும் திட்டம் இருந்தது: கடைசி இடம். நாலு முகத்தையும் பார்த்துவிட்டு ஐந்தாவதாகப் பேசலாம்.

எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், சமையல்காரப் பெண்மணி. முப்பத்தைந்து வயது இருக்கும். முன்னங்கையில் வரிவரியாகச் சுட்ட தழும்புகள். கையில் கரண்டி இல்லை. நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சிறு இடுக்கி. அதால் ஒரு இலையை, சுண்டுவிரல் நகமளவு இலையை, எடுத்தார். வைத்தார். ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்தார். திரும்ப வந்து அதை எடுத்துவிட்டு, இன்னொரு இலையை வைத்தார்.

மூடியக்கா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு இலைக்கு ஆன நேரத்தில் நான்காம் லைனில் ஒரு விமானத்தின் பாதி வயிறு நிறைந்திருக்கும். இப்படியும் ஒருவர் சாப்பாட்டைப் பார்க்க முடியுமா? பெற்ற பிள்ளைக்குப் பொட்டு வைப்பது போல?

ஒரு சிறு அட்டை வந்தது. அதில் பலகாரப் பெயர் எதுவும் இல்லை. "கண்ணாடி. கல். பொன். கடல். பொறுமை." அவ்வளவுதான்.

"பொறுமையையும் தட்டுல வைப்பாங்களா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"அதைத்தான் சார் முதல்ல வெச்சிருக்காங்க. வந்து உக்காந்து எவ்ளோ நேரமாச்சு" என்றான் பன்னு.

முதல் தட்டு வந்தது. தட்டு என்று சொல்ல முடியாது, கூரை ஓட்டுத் துண்டு. அதன்மேல் நாலு மெல்லிய தகடுகள், கண்ணாடிச் சில்லு போல நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இலை, நரம்பு தெரிய, உறைந்து கிடந்தது. ஓட்டின் ஒரு ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு சாற்றுக் கோடு இழுத்திருந்தது.

ஓரத்துக்காரர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். பன்னு பேசிக்கொண்டிருக்கும்போதே, வெண்ணெய் போட்டோ எடுப்பதற்குள், ஓட்டின் ஓரத்தை ஒரே ஒற்றில் சுத்தமாகத் துடைத்துவிட்டார்.

மேடைக்கு அந்தப் பக்கம் இடுக்கி நின்றது.

"அண்ணே! அது சிந்தினது இல்ல. அவங்க வரைஞ்சது" என்று வெண்ணெய் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ஓரத்துக்காரர் கைக்குட்டையைப் பார்த்தார். ஓட்டைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. "நம்ம லைன்ல இது ரிஜெக்ட்டும்மா" என்றார், மன்னிப்பும் தீர்ப்பும் ஒரே மூச்சில்.

சமையல்காரப் பெண்மணி குனிந்து, துடைத்த இடத்தைப் பார்த்தார். "என்கிட்ட வேலை செய்யற ஒருத்தருக்கும் இவ்ளோ சுத்தமாத் துடைக்க வராதுங்க" என்று சொல்லிவிட்டு, சிறு தூரிகையால் கோட்டைத் திரும்ப இழுத்தார். ஓரத்துக்காரர் கையை முட்டிக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டார்.

தகடு நாலு, ஆள் ஐந்து. "பகிர்ந்து சாப்பிடறதுக்காக" என்று விளக்கினார் பரிமாறியவர். "நல்லாப் பகிரலாம். அப்புறம் கோர்ட்ல பார்த்துக்கலாம்" என்றான் பன்னு. தன் பங்கில் பாதியை உடைத்து அவனே சூப்பர்வைசருக்குக் கொடுத்தான்.

மூடியக்கா காத்திருந்தார். முகங்களைப் பார்த்தார்.

"வறுத்த வெங்காயம்" என்றான் பன்னு.

"இல்லையே, எனக்குக் கடல்காத்து மாதிரி இருக்கே" என்றாள் வெண்ணெய்.

ஓரத்துக்காரர் கண்ணை மூடித் திறந்தார். "மழை விட்ட மண்ணு."

"என்னய்யா ஆளாளுக்கு? எனக்கு என்னமோ தீப்பெட்டி உரசின வாசனை வருது" என்றார் சூப்பர்வைசர்.

மூடியக்கா தன் தகட்டைக் கையில் எடுத்தார். நாலு முகம், நாலு பதில். பின்னால் போய் ஒளிய ஒரு முதுகும் இல்லை. தகட்டை வாயில் வைத்துக் கடித்தார்.

உடைந்தது.

சாதாரண உடைதல் அல்ல. மண்டைக்குள் ஒரு சன்னல் உடைந்தது. சில்லுகள் அண்ணத்தில் பட்டன, நாக்கில் விழுந்தன, விழுந்த வேகத்தில் பனி போலக் கரைந்தன. உள்ளே இருந்த இலை மட்டும் மிச்சம் நின்று, பற்களுக்கு நடுவே "கறுக்" என்றது. பதினாலு மாதமாக வாய் என்பது வயிற்றுக்குப் போகும் வழி மட்டுமே. அந்த வழியில் இப்போது யாரோ நடந்து போனார்கள்.

"என்னக்கா, பேச்சே காணோம்?" என்றாள் வெண்ணெய்.

"நொறுங்குது" என்றார் மூடியக்கா. "காதுக்குள்ள கேக்குற மாதிரி நொறுங்குது." சாப்பாட்டைப் பற்றி அவர் உண்மை பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது.

அடுத்தது கல். அடுப்பிலிருந்து இறக்கிய கறுங்கல், அதன்மேல் காகிதம் போலச் சீவிய மீன். கண்ணெதிரே மீன் சுருண்டு வெளுத்தது, சீறியது. சமையல்காரப் பெண்மணி கிண்ணத்திலிருந்து வெள்ளரிக்காய்ப் பனித்தூளை அள்ளி மேலே தூவினார். கல்லில் விழுந்த தூள் புகையாக எழுந்தது; மீனில் விழுந்த தூள் பனியாகவே நின்றது. "உடனே சாப்பிடுங்க. பத்து எண்ணறதுக்குள்ள ரெண்டும் சமாதானம் ஆயிடும்" என்றார்.

மூடியக்கா எண்ணவில்லை. வாயில் போட்டார். கீழே சுட்டது. மேலே குளிர்ந்தது. நடுவில் எங்கேயோ இரண்டும் சந்தித்த கோடு ஒன்று இருந்தது. நாக்கு அந்தக் கோட்டின் மேல், சுவர் மேல் நடக்கும் பிள்ளை மாதிரி, கையை விரித்துக்கொண்டு நடந்தது. அவர் கண்ணில் நீர் கட்டியது.

"கீழ நெருப்பு, மேல பனி. ரெண்டும் சண்டை போட்டுக்காம நிக்குது" என்றார்.

பன்னு மெல்லுவதை நிறுத்திவிட்டான். சூப்பர்வைசர் மேடையைத் தட்டினார். "பார்த்தீங்களா? நாமெல்லாம் வெங்காயம், தீப்பெட்டின்னு உளறிட்டிருக்கோம். இதுக்குத்தான் நான் அக்கா பேரைக் கொடுத்தேன். மேனேஜர்கிட்ட சொன்னேன், 'சார், அந்த அறையில வேற யாரை வேணா மாத்துங்க, எங்கக்கா நாக்குக்கு நான் ஜாமீன்'னு."

பனி போய் நெருப்பு மட்டும் தொண்டையில் நின்றது. ஜாமீன் என்ற சொல்தான் சுட்டது. தன் நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவர் கையெழுத்தும் இருக்கிறது என்பதை மூடியக்கா அதுவரை யோசித்ததில்லை.

மூன்றாவது தட்டு பொன். கையகல நீளத்தட்டில் நாலு உருண்டைகள். ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு, தேன் பூசினாற்போல மஞ்சளாக மினுமினுத்தது. விளக்கு வட்டம் அவற்றின் மேல் விழுந்து நாலு குட்டிச் சூரியன்களாக உட்கார்ந்திருந்தது.

பரிமாறியவர் தட்டை இடது கோடியில், பன்னுவின் முன்னால் வைத்தார். பன்னு சூப்பர்வைசரிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். கதையை நிறுத்தாமல் தட்டை வலப்பக்கம் தள்ளினான். வெண்ணெய் போனில் படத்தைப் பார்த்தபடியே அதன் பக்கத்தில் ஒரு கரண்டியை வைத்துவிட்டு வலப்பக்கம் தள்ளினாள். ஓரத்துக்காரர் முட்டிக்கடியிலிருந்து கையை எடுத்து, ஓரத்தை ஒரு பார்வை பார்த்து, திருப்தியாக, வலப்பக்கம் தள்ளினார். தட்டு மூடியக்காவின் முன்னால் வந்து நின்றது. அவரது வலது கை தானாக மேலே உயர்ந்து, அந்தரத்தில் ஒரு மூடியைத் தேடித் துழாவியது.

முதலில் சிரித்தவர் சமையல்காரப் பெண்மணி. பிறகு மேடை முழுக்கச் சிரிப்பு. பன்னு சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரியப் பார்த்தான். "ஒரு ஆளும் எடுக்கல! அப்படியே பிளேனுக்கு ஏத்திவிட்டிருப்போம்!"

"சரி, லைன் சொல்லிடுச்சு. வழியனுப்பறது அக்காவைத்தானே. முதல் வாய் அக்காவுக்கு!" என்றாள் வெண்ணெய்.

எல்லோரும் திரும்பினார்கள். நாலு முகமும் காலிப் பலகை. எழுதி வைக்க இன்னும் யாருக்கும் எதுவும் இல்லை.

மூடியக்கா உருண்டையைப் பார்த்தார். பொன்னிறம். பளபளப்பு. தேன். இருபத்திரண்டு வருடத்தில் இந்த நிறத்தில் கடந்து போன எந்தக் கிண்ணமும் இனிப்பாகத்தான் இருந்திருக்கிறது. வாயில் போட்டார். தோல் பட்டென்று வெடித்து, ஏதோ குளிர்ச்சியாக ஓடியது. அவ்வளவுதான் தெரிந்தது.

"தேனு" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். சுவை அறைக்குப் போகிறவர் ஆயிற்றே என்று ஒரு வார்த்தை சேர்த்தார். "நல்ல இனிப்பு. ஆனா சர்க்கரை ஒரு துளி கம்மி பண்ணலாம்."

மற்ற மூன்று உருண்டைகளும் மூன்று வாய்க்குள் போயின. பன்னுவின் வலது கண் மூடிக்கொண்டது. வெண்ணெயின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. ஓரத்துக்காரர், எதையும் சிந்தாத மனிதர், "ஸ்ஸ்ஸ்" என்று காற்றை உள்ளே இழுத்து மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். புளிப்பென்றால் காதுக்குப் பின்னால் நரம்பு சுண்டும் புளிப்பு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு எலுமிச்சைத் தோலின் கசப்பு.

"அதுல சர்க்கரையே இல்லைங்களே" என்றார் சமையல்காரப் பெண்மணி, குழப்பத்தோடு.

பன்னு மேடையை ஓங்கி அடித்தான். "ஏமாத்திட்டாங்கய்யா! முகத்துல ஒரு சுருக்கம் இல்லாம முழுங்கிட்டு, தேனாம், சர்க்கரை கம்மியாம்! நம்மளும் நம்பி வாயில போட்டோம் பாரு! அக்கா, கும்பிடறேன்க்கா உங்க நடிப்புக்கு!"

வெண்ணெய் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சூப்பர்வைசரும் சிரித்தார். தப்பிக்கக் கதவு திறந்தாகிவிட்டது. மூடியக்கா செய்ய வேண்டியதெல்லாம் கூடச் சேர்ந்து சிரிப்பதுதான். திங்கட்கிழமை, சூடான அறை, சாய்ந்து உட்கார முதுகு உள்ள நாற்காலி. அங்கே தனியாக ஒரு கிண்ணத்தை முன்னால் வைப்பார்கள். பார்க்க நாலு முகம் இருக்காது. கெட்டுப்போன கிரீமைத் தேன் என்று சொன்னால் அது முந்நூறு பேரோடு மேலே ஏறிவிடும். கீழே ஜாமீன் கொடுத்தவர் நின்றுகொண்டிருப்பார்.

"நடிக்கல" என்றார் மூடியக்கா.

சிரிப்பு ஓய நேரம் பிடித்தது.

"எனக்கு ருசி தெரியாது. வாசனையும் தெரியாது. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியல." சூப்பர்வைசரைப் பார்த்துச் சொன்னார். "பதினாலு மாசமாச்சு சார்."

சூப்பர்வைசரின் கை தண்ணீர் டம்ளர் மேல் அப்படியே இருந்தது. "பதினாலு மாசமா மோப்பம் இல்லாமலா மூடி போட்டீங்க?"

"கண்ணாலதான் பார்த்தேன். வெப்பமானியைப் பார்த்தேன். சந்தேகம் வந்தா ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன்."

"மோந்து பார்க்கறது உங்க வேலையில எழுதியில்லதான். ஆனா கூடமே உங்க மூக்கை நம்பிட்டிருந்துச்சேக்கா. நான் நம்பிட்டிருந்தேன்." குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் தேவலை போலிருந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"திரும்பி வந்துடும்னு நினைச்சேன். அப்புறம் நாற்காலி கிடைக்கும்னு சொன்னீங்க. முட்டி கேக்கல சார்."

ஓரத்துக்காரர் கறை படாத பக்கமாக மடித்து, கைக்குட்டையை மூடியக்கா பக்கம் நகர்த்தினார். வெண்ணெய் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள். "கேன்டீன்ல எல்லாம் 'உப்பு கம்மிதான்'னு சொல்வீங்களேக்கா?"

"நீ சொன்னதைத் திருப்பிச் சொல்வேன்."

"அடப்பாவமே. நானே பாதி நாள் சும்மா சொல்வேனே!"

யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பன்னுதான் தொண்டையைச் செருமினான். "சார், ஒண்ணு சொல்லட்டா? மேல பறக்கும்போது எல்லார் நாக்கும் பாதி மரத்துத்தான் போகுது. அதுக்குத்தானே நாம உப்பைக் கூடப் போட்டு அனுப்புறோம். எங்கக்கா தரையில நின்னுட்டே பறந்திருக்காங்க, அவ்ளோதான்."

சூப்பர்வைசர் உதட்டைக் கடித்துப் பார்த்தார். அடக்க முடியவில்லை. மூடியக்காவும் கைக்குட்டைக்குள் சிரித்துவிட்டார். பாதி அழுகையோடு வந்த சிரிப்பு.

சமையல்காரப் பெண்மணி இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு மேடையின் மேல் சாய்ந்தார். "ஒட்டுக் கேட்டதுக்கு மன்னிச்சுக்குங்க. அப்போ அந்தக் கல்லு மீன் சாப்பிட்டப்ப கண்ணு கலங்கினீங்களே, அது?"

"அது நிஜம்."

"ருசியே தெரியாமலா?"

"ருசிதான் தெரியல. மத்ததெல்லாம் தெரிஞ்சுது." மூடியக்கா யோசித்து, அந்தக் கோட்டைப் பற்றிச் சொன்னார். சூடும் குளிரும் சந்தித்த இடம். தகடு உடைந்தபோது கேட்ட சன்னல். இலை கடைசியில் தனியாக நின்ற விதம். எதிரே நின்றவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. "அந்த இலை கடைசியில நிக்கணும்னுதான் மூணு மாசம் கிடந்து அடிச்சுக்கிட்டேன். இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார்.

அடுத்து வந்த கடலில் துண்டு ஐந்து இருந்தது. ஐந்து சிப்பி, ஐந்திலும் சிறு சிறு முத்துகள். கடித்தால் பல்லுக்கடியில் ஒவ்வொன்றாக வெடித்தன. கடைசி முத்து எது என்று தெரியாமல் நாக்கு தேடிக்கொண்டே இருந்தது. இந்த முறை மூடியக்கா யார் முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நாலு கோடித் தட்டுகளை மூடிய மனிதர், ஒரே ஒரு சிப்பிக்குள் எத்தனை நடக்கிறது என்று வியந்துகொண்டிருந்தார். உலகத்தில் பாதி போய்விட்டது என்று நினைத்திருந்தார். மிச்சப் பாதி இவ்வளவு பெரியது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

பொறுமை என்பது கடைசியில் ஒரு பேரிக்காய்த் துண்டுதான். மெதுவான சூட்டில் நாள் முழுக்கக் கிடந்தது. வாயில் வைத்ததும் இல்லாமல் போனது.

வாசலில் சூப்பர்வைசர் அவரோடு கொஞ்சம் பின்தங்கி நடந்தார். "காலையில மேனேஜர்கிட்ட நானே பேசுறேன். உங்களை அங்க அனுப்ப முடியாதுக்கா. புரியுதுல்ல?"

"அதுக்குத்தான் சார் சொன்னதே."

"கோபம் இன்னும் இருக்கு. அது தனி."

"இருக்கட்டும் சார்."

"முட்டி வலிக்கு லைன்லயே உயர நாற்காலி கேட்டுப் பார்க்கலாம். இன்னைக்கு இங்க உக்காந்த மாதிரி. குடுப்பாங்களான்னு தெரியாது."

தெருமுனையில் கணவர் வண்டியோடு நின்றிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. வாயால் கேட்காமல் கட்டை விரலை மட்டும் நீட்டினார்: மேலேயா, கீழேயா?

"சொல்லிட்டேன். நாற்காலி போச்சு" என்றார் மூடியக்கா. வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "ஆனா ஒரு மீன் சாப்பிட்டேன். கீழ நெருப்பு, மேல பனி. நீங்க வந்து பார்க்கணும்."

"பார்க்கணுமா, சாப்பிடணுமா?"

"ரெண்டும்தான். ருசி எப்படியிருக்குன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க. மத்ததை நான் உங்களுக்குச் சொல்றேன்."

திங்கட்கிழமை சுவை அறைக்குப் போகிறவள் வெண்ணெய். நான்காம் லைனில், மூடி இறங்குவதற்கு முன்னால் ஓரத்துக்காரர் குனிந்து மோந்து பார்ப்பார். உயர நாற்காலிக்கான பதில் இன்னும் வரவில்லை. டயர் கிடங்கின் மேடையில் அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமைக்கு இரண்டு இடம் சொல்லி வைத்தாயிற்று.